கீசர் இருக்கட்டும், மாட்டுகிறவர் யார்?

பெங்களூரில் வாடகை வீடு தேடும் தமிழ்க் குடும்பம் வீட்டு ஓனரிடம் வரிசையாக மூன்று கேள்வி கேட்கும். காவேரித் தண்ணீர் வருகிறதா? அட்வான்ஸ் எத்தனை மாதம்? கீசர் இருக்கிறதா? மூன்றாவதற்கு "இருக்கு" என்று பதில் வந்ததும் தலையாட்டிவிட்டு பால் காய்ச்ச நாள் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். என்ன கீசர், எங்கே மாட்டியிருக்கிறது, யார் மாட்டியது என்ற நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த நாலாவது கேள்விதான் இன்றைய விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே சித்திரை வைகாசியில் மொட்டை மாடி டாங்கிலிருந்து வருவதே வெந்நீர்தான், அதை ஆற வைத்துக் குளிக்க வேண்டும். வங்கி மாற்றலில் வந்து சேர்ந்த பெங்களூர் அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழியில் விடிகாலை 15 டிகிரிக்கு இறங்கிவிடும். வயதானவர்களுக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது.

குடியிருப்பது ஸ்ரீராம்புரம். தெரியாதவர்களுக்கு: மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பச்சை லைனில் இரண்டாவது ஸ்டேஷன். ஒரு பக்கம் மல்லேஸ்வரம், மறு பக்கம் ராஜாஜிநகர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் இடம். மாரியம்மன் கோயில் கூழ், தெருமுனை இட்லிக் கடை, தமிழ்ப் பட போஸ்டர் எல்லாம் உண்டு. இல்லாதது இடம் ஒன்றுதான். சின்ன மனையில் மூன்று மாடி எழுப்பி, மாடிக்கு இரண்டு குடும்பம். பாத்ரூம் நாலடிக்கு ஐந்தடி. அதில் இருக்கும் ஒரே வெண்டிலேட்டரையும் பக்கத்து வீட்டுச் சுவர் அடைத்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீடும் அப்படித்தான். போன வருஷம் பழைய கீசர் ஓட்டையாகி ஒழுக ஆரம்பித்தது. அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் தங்குவதாக ஏற்பாடு. வயது 76, கொஞ்சம் ஆஸ்துமா உண்டு. கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷி, பண்டிகைக்கு ஒப்பட்டு கொடுத்து அனுப்புகிறவர். "கேஸ் கீசர் ஹாக்ஸி பிடி சார். கரண்ட் பில்லும் வராது, வயர் வேலையும் இல்லை. கடைக்காரனே ஆள் அனுப்புவான்" என்றார்.

அடுத்த நாளே ஆள் வந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் டிரில்லிங் மிஷின். நேராக பாத்ரூமுக்குள் போய், ஷவருக்கு மேலே சுவரில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்தான். "இங்கதான் சார் எல்லா வீட்லயும் மாட்டுவோம். அடுப்பு சிலிண்டர்லயே டீ போட்டு ஒரு டியூப் இழுத்துரலாம். அரை மணி நேரம், 500 ரூபாய்."

"தம்பி, ஜன்னல் இல்லையே?"

"ஒண்ணும் ஆகாது சார்."

கன்னடத்தில் இதையே "ஏனூ ஆகல்ல" என்பார்கள். பெங்களூரின் தேசிய கீதம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றால், அதற்குப் பின்பாட்டு இந்த "ஏனூ ஆகல்ல". பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்கார அட்ஜஸ்ட் பண்ணலாம். கேஸோடு முடியாது.

பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இன்று வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவன் மேல் கோபமே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தராதவனை அனுப்புகிற கடையும், அவனிடம் எதுவும் கேட்காத நாமும்தான் இதில் பார்க்க வேண்டிய விஷயம்.

நான் பி.காம். ஆசாமி, விஞ்ஞானி இல்லை. ஆனால் கணக்குப் போட வரும். ஆறு லிட்டர் கேஸ் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி சரியாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். எங்கள் பாத்ரூமில், நாலடிக்கு ஐந்தடி, எட்டடி உயரத்தில், இருக்கும் மொத்தக் காற்றே சுமார் 4.5 கன மீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் அந்த அறைக் காற்று முழுவதையும் கேட்க கீசருக்கு 25 நிமிஷம் கூட வேண்டாம். அதற்கு வெகு முன்பே ஆக்ஸிஜன் குறைய ஆரம்பிக்கும். குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு.

இதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் வர வேண்டும் என்று மெர்கேப்டன் கலக்கிறார்கள், அதனால் மூக்கு காப்பாற்றும். கார்பன் மோனாக்சைடு எரிந்த பிறகு உண்டாவது, அதில் மெர்கேப்டன் வாசனை கிடையாது. நம் ரத்தத்து ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் லேசாகத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். காலையில் காபி குடிக்காததால்தான் என்று நினைப்போம். அடுத்தது மயக்கம், உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி. டாக்டர்கள் இதற்கு "கேஸ் கீசர் சிண்ட்ரோம்" என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வலிப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிற ஆபத்தும் இதில் உண்டு.

2023 மார்ச்சில் ஹோலி அன்று காசியாபாத் பக்கம் முராத்நகரில் வண்ணத்தைக் கழுவக் குளிக்கப் போன கணவன் மனைவி இறந்தார்கள். அதே வருஷம் ஜூனில் பெங்களூருக்கு வடக்கே சிக்கஜாலாவில் வாடகை வீட்டில் ஓர் இளம் ஜோடி. இரண்டு இடத்திலும் பேசப்பட்டது கேஸ் கீசர்தான். இரண்டாவது செய்தியை தங்கமணி அப்போதே கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தாள். பென்சில் புள்ளியைப் பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... சரி, அதை விடுங்கள்.

நம் பாட்டிமார் காலத்திலும் "பாய்லர்" இருந்தது. செம்பு பாய்லர், நடுவில் குழாய், அதில் கரி அல்லது சிரட்டை. அது எங்கே இருந்தது? கொல்லைப்புறத்தில் அல்லது முற்றத்து ஓரத்தில். இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் ஹண்டே என்று இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. புகை கண்ணை எரித்ததால் யாரும் அதை மூடிய அறைக்குள் வைக்க நினைக்கவில்லை. இப்போது புகை கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் உள்ளே கொண்டு வந்துவிட்டோம்.

சரி, யார் தகுதியான ஆள்? இங்கே கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. லண்டன் பக்கம் இருக்கும் என் மச்சினர் வீட்டில் பாய்லர் மாற்றினார்கள். குளிப்பதற்கும் வீட்டையே சூடாக்குவதற்கும் அங்கே அந்த ஒரே பெட்டிதான். வந்த ஆளிடம் இவர் முதலில் கேட்டது கார்டு. பிரிட்டனில் கேஸ் வேலை செய்கிறவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிந்திருக்க வேண்டும். 2009 ஏப்ரல் 1க்கு முன் அதன் இடத்தில் கோர்கி என்று ஒன்று இருந்தது. கார்டின் முன்பக்கம் போட்டோவும் எண்ணும். பின்பக்கத்தில்தான் விஷயம்: இவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று பட்டியல். அடுப்புக்குத் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. வாடகை வீடு என்றால் ஓனர் வருஷத்துக்கு ஒரு முறை சோதித்துக் குடியிருப்பவருக்குச் சீட்டும் தர வேண்டும், 1998 விதிகளின்படி. டொரன்டோ பக்கம் இருப்பவர்களுக்கு டிஎஸ்எஸ்ஏ உண்டு. அங்கே கான்ட்ராக்டர் பதிவும் வேண்டும், டெக்னீஷியனுக்குச் சான்றிதழும் வேண்டும். வெளிநாட்டில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து "நம்ம ஆளு, சல்லிசா முடிச்சுத் தருவார்" என்று கார்டு இல்லாதவரைக் கூப்பிடாதீர்கள். தமிழில் பேசுவது தகுதிச் சான்றிதழ் இல்லை :-)

இங்கே நமக்கு கேஸ் கீசர் மாட்டுகிறவருக்கென்று அப்படி ஒரு பதிவேடு கிடையாது. பெட்டிக்கு ஐஎஸ்ஐ முத்திரை பார்க்கலாம், ஐஎஸ் 15558 என்பது எல்பிஜி கீசருக்கான தர எண். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் விஷயத்துக்கு கேஸ் ஏஜென்சி மெக்கானிக் இருக்கிறார். டீ போட்டு ஒரே சிலிண்டரில் இரண்டு இழுப்பது எல்லாம் அவரிடம் கேட்காமல் செய்கிற வேலையில்லை. மின்சாரப் பக்கம் நிலைமை பரவாயில்லை. கர்நாடகத்தில் மின் ஆய்வுத் துறை கான்ட்ராக்டர் லைசென்ஸும் வயர்மேன் பெர்மிட்டும் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. புதிய லைன் இழுப்பதற்கு லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நாம் கேட்பதில்லை, அவர்களும் காட்டுவதில்லை.

கிளையில் கடன் மனு வந்தால் ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. கேஒய்சி பார்ப்போம். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார், மேக்கர்-செக்கர் என்று பெயர். கீசர் விஷயத்தில் என்ன நடக்கிறது? பிளம்பர் தண்ணீர்க் குழாயை மட்டும் பார்ப்பார். கம்பெனி ஆள் பெட்டியைத் தொங்கவிட்டு வாரண்டி கார்டில் சீல் அடிப்பார், வயரிங் என் வேலை இல்லை என்பார். எலெக்ட்ரீஷியன் ஏற்கெனவே இருக்கும் பிளக்கில் சொருகிவிட்டுப் போவார். மூன்று பேர், மூன்று துண்டு வேலை. முழுசாக இது பத்திரமா என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த ஒருவரைத்தான் தேட வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தவர் ராஜாஜிநகரில் இருக்கும் ஒரு பெரியவர். தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், லைசென்ஸ் வைத்திருக்கிறார். கேட்டதும் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார், கோபப்படவில்லை. (கோபப்பட்டால் அவரை அப்படியே அனுப்பிவிடலாம்.) வந்தவர் பையைத் திறக்கவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். எத்தனை பேர் குளிப்பீர்கள்? தண்ணீர் காவேரியா, போரா? மெயின் போர்டு எங்கே? உங்களுக்குத் தனி மீட்டரா? இந்தச் சுவர் நாலு இஞ்சா, ஒன்பது இஞ்சா?

கேஸ் கீசர் மாட்ட முடியுமா என்று கேட்டேன். "இந்த பாத்ரூமில் நான் மாட்ட மாட்டேன். பால்கனி இருந்தால் வெளியே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடுவேன். உங்களுக்கு அது இல்லை. வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றார். வரும் காசை வேண்டாம் என்று சொல்கிற ஆள்! கடன் கொடுக்கும் அதிகாரிக்கும் முதல் தகுதி இதுதான், வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்து பிளக்கைச் சோதித்தார். மூன்று துவாரம் இருந்தது. மேலே இருக்கும் பெரிய துவாரத்தில், அதாவது எர்த்தில், ஒன்றுமே இல்லை. மீட்டர் வைத்துக் காட்டினார்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எதுவுமில்லை. "சில பேர் நியூட்ரலில் இருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டு எல்லாம் சரி என்று காட்டுவார்கள். நியூட்ரல் அறுந்தால் கீசர் உடம்பு முழுக்கக் கரண்ட். அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்" என்றார்.

பிரச்னை இப்போது ஓனர் அம்மா. எர்த் போட வேண்டும், மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். கேஸ் கீசரை விடச் செலவு அதிகம். "பத்து வருஷமா மேல் மாடியில கேஸ்தான் சார், ஏனூ ஆகல்ல" என்றார். பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியும், ஓனரிடம் ஓரளவுக்கு மேல் வாதாட முடியாது. அட்வான்ஸ் அவர் கையில். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிய நாலு மாதம். வீட்டை மாற்றலாமா என்று நானும் தங்கமணியும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். அப்பா போனில், "எனக்காக எதுக்குப்பா சண்டை, அடுப்புல ஒரு குண்டான் வெந்நீர் வச்சுக் கொடுத்தாப் போதாதா" என்கிறார்.

கடைசியில் இரண்டு விஷயம் செய்தேன். பெரியவரையே ஓனர் அம்மாவிடம் கன்னடத்தில் பேசச் சொன்னேன். எர்த் போட்டால் அது கட்டடத்துக்கே, ஆறு வீட்டுக்கும், உங்கள் சொத்து என்று அவர் விளக்கினார். எங்கள் வீட்டுக்கு வரும் தனி லைன் செலவு என்னுடையது, காலி செய்யும்போது கழற்ற மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். கரண்ட் பில் பயத்துக்கும் கணக்கு சொன்னேன். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டு போக சுமார் 0.7 யூனிட், 2 கிலோவாட் கீசரில் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். அந்த அம்மா இரண்டு நாள் யோசித்து சரி என்றார்.

வேலை ஒரு நாள் முழுக்க நடந்தது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் யார் வந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

1. மெயின் போர்டிலிருந்து கீசருக்கு மட்டும் தனி லைன், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், தனி எம்.சி.பி. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன பிளக் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக்தான்.

2. எர்த் போட்டு, மீட்டரில் அளந்து எனக்குக் காட்டினார். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிப்பது இதுதான். அதன் டெஸ்ட் பட்டனை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

3. தண்ணீர் நிரம்பிய 15 லிட்டர் கீசர் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்து, நாலு இஞ்ச் சுவரை விட்டு ஒன்பது இஞ்ச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டார்.

4. சேஃப்டி வால்வைக் குளிர்ந்த தண்ணீர் வரும் பக்கத்தில் மாட்டி, அதற்கு ஒரு சின்னக் குழாயைத் தரை வரை விட்டார். சூடாகும்போது சொட்டும், அது அதன் வேலை. ஒழுகுகிறதே என்று அடைத்தால் டாங்க் வெடிக்கும்.

5. முதலில் தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் நீர் வந்த பிறகே சுவிட்சைப் போட்டார். காலி டாங்கில் போட்டால் காயில் போய்விடும்.

6. போர் தண்ணீரும் கலந்து வருவதால் உப்புப் படியும், உள்ளே இருக்கும் மெக்னீசியம் ராடை வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று போர்டின் உள்பக்கம் தேதி எழுதி வைத்தார்.

ரசீது கேட்டேன், லைசென்ஸ் எண்ணோடு கொடுத்தார். நாளைக்கு ஏதாவது என்றால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் பதில்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஓனர் அம்மா அவரை மேல் மாடிக்கும் கூட்டிப் போனார். பத்து வருஷமாக "ஒன்றும் ஆகாத" அந்த கேஸ் கீசரை. அங்கே இருப்பது வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், சின்னப் பையன்கள் இரண்டு பேர். அந்த அக்கா சொன்னார், "பெரியவனுக்குக் குளிச்சுட்டு வந்தா அடிக்கடி தலை வலிக்கும்னு சொல்லுவான், ஸ்கூலுக்கு மட்டம் போடத்தான்னு நான் அடிப்பேன் சார்." பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ரெகுலேட்டரை மூடினார். அவர்கள் வீட்டில் மாடிப்படிப் பக்கம் திறந்த இடம் இருந்தது. ஒரு வாரத்தில் கீசர் அங்கே போனது, சிலிண்டரும் தனி. பையனை டாக்டரிடம் காட்டி விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறோம்.

இன்னும் இரண்டு குறிப்பு. பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்து, உள்ளே போனவர் கூப்பிட்டால் குரல் கொடுக்கவில்லை என்றால், கதவை உடைத்துத் திறந்து ஆளைக் காற்றாட வெளியே கொண்டு வாருங்கள், கேஸை மூடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "கேஸ் கீசர்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள், ஆக்ஸிஜன் உடனே வைப்பார்கள். கேஸ் கசிந்து நாற்றம் வந்தால் 1906.

அப்பா வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனார். தினமும் ஆறு மணிக்கு வெந்நீர்க் குளியல், பிறகு மல்லேஸ்வரம் வரை நடை. எங்கள் தெருவில் கேஸ் கீசர் உள்ளேயே இருக்கும் வீடு எனக்குத் தெரிந்து இன்னும் நாலு இருக்கிறது. ஒரு வீட்டில் சொன்னேன், "ஏனூ ஆகல்ல சார்" என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போவதாக இருக்கிறேன். நீங்களும் இன்றைக்கு உங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள்.

வரட்டுமா?